லண்டனில் கூடிய மூவர்: யூத – முஸ்லிம் நல்லிணக்கப் பணியின் வரலாறு

1997ஆம் ஆண்டில் லண்டனில் மூன்று பேர் சேர்ந்து ஓர் அறப்பணி அமைப்பைத் தொடங்கினார்கள். ஒருவர் யூதர், உலோகக் கழிவு வணிகத்தில் பொருளீட்டியவர். இன்னொருவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் பாதிரியார். மூன்றாமவர் அல்-அஸ்ஹரில் ஓதித் தேர்ந்த ஆலிம். ‘மூன்று சமய மன்றம்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் ஆகிய மூன்று சமூகத்தாரும் ஒருவரை ஒருவர் நேரில் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அவர்களது நோக்கம்.

சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் படிக்கும் பொன்விழா மலரில் லண்டன் கதை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கதையில் வருபவர்கள் நமக்கு அத்தனை அந்நியரல்லர் என்பதை இனிமேல் காண்பீர்கள். அதைவிட முக்கியமான காரணம், இன்று நம் வீடுகளில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி. காஸாவில் இவ்வளவு நடக்கும்போது யூதரோடு ஒரு மேசையில் உட்காருவது சரியா? பெரியவர்கள் பலர் இதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிடுகிறோம். பிரிட்டன் முஸ்லிம்கள் இந்தக் கேள்வியோடு கால் நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்துவருகிறார்கள்.

அந்த ஆலிமின் பெயர் ஷெய்கு ஜாக்கி படாவி. பெயரைப் பார்த்து மலேசியாவின் முன்னாள் பிரதமர் அப்துல்லா படாவிக்கு உறவோ என்று எண்ண வேண்டாம். இவர் 1922இல் எகிப்தில் பிறந்தவர். அல்-அஸ்ஹரில் படித்தபின் லண்டன் சென்று உளவியலில் பட்டம் பெற்றார். நவீன கால முஸ்லிம் சிந்தனையைப் பற்றி ஆய்வு செய்து முனைவரானார். அதன் பிறகு அல்-அஸ்ஹர் அவரை அனுப்பிவைத்த நாடு மலாயா. இங்கே ஓர் இஸ்லாமியக் கல்லூரி உருவாகப் பணியாற்றினார். பின்பு மலாயாப் பல்கலைக்கழகத்தில், முதலில் சிங்கப்பூரிலும் அடுத்துக் கோலாலம்பூரிலும், அரபு மொழியும் இஸ்லாமியக் கல்வியும் கற்பித்தார். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லாரும் ஒரே வகுப்பறையில் அமர்ந்திருந்த 1950களின் மலாயாவை அவர் கண்ணால் கண்டவர். அந்தப் பத்தாண்டில்தான், 1955இல், பாக்தாத் வழிவந்த யூதக் குடும்பத்துப் பிள்ளையான டேவிட் மார்ஷல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரானார். மலாய் முஸ்லிம்களும் இந்திய முஸ்லிம்களும் வாழும் ஊருக்கு ஒரு யூதர் முதலமைச்சராக இருந்தது அன்று இங்கே பெரிய அதிசயமாகத் தோன்றவில்லை.

பின்பு நைஜீரியாவிலும் கற்பித்துவிட்டு லண்டன் திரும்பிய படாவி, 1978 முதல் 1981 வரை ரீஜன்ட்ஸ் பார்க்கிலுள்ள லண்டன் மத்தியப் பள்ளிவாசலின் தலைமை இமாமாக இருந்தார். 1986இல் முஸ்லிம் கல்லூரி ஒன்றை நிறுவினார். பிரிட்டனில் வளரும் பிள்ளைகளுக்கு, அந்த நாட்டையும் அதன் மொழியையும் சட்டத்தையும் அறிந்த இமாம்கள் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஊரிலிருந்து இமாமை வரவழைக்கும் வழக்கமுள்ள நமக்கும் இது யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

யூதரான சர் சிக்மண்ட் ஸ்டெர்ன்பெர்க் 1921இல் புடாபெஸ்டில் பிறந்தவர். 1939இல், போர் வெடித்த ஆண்டில், பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தார். ஹங்கேரியில் தங்கிவிட்ட யூதர்களில் இலட்சக்கணக்கானோர் 1944இல் ரயிலேற்றப்பட்டு ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பொருள் சேர்ந்த பிறகு அவர் தம் காலத்தையும் பணத்தையும் சமய நல்லுறவுக்கே செலவிட்டார். அதற்காக 1998இல் டெம்பிள்டன் பரிசு பெற்றார்.

பாதிரியார் மார்கஸ் பிரேபுரூக் கேம்பிரிட்ஜில் படித்தவர். அதோடு தாம்பரத்திலுள்ள சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தவர். நம் பாட்டனார்களில் சிலருக்குத் தாம்பரம் என்றால் ரயில் நிலையம் மட்டுமே நினைவுக்கு வரும். இந்த ஆங்கிலேயருக்கோ அங்கே கழித்த காலம் பிற சமயங்களை அறியும் ஆர்வத்தைத் தந்தது. சிங்கப்பூரில் கற்பித்த ஒருவரும் தாம்பரத்தில் கற்ற ஒருவரும் புடாபெஸ்டிலிருந்து தப்பி வந்த ஒருவரும் சேர்ந்து தொடங்கியது அந்த மன்றம்.

அவர்களுக்கு முன்பே பிரிட்டனில் யூதரும் முஸ்லிம்களும் ஒருவர் வீட்டில் ஒருவர் குடிபுகுந்தவர்கள் போலத்தான் இருந்தார்கள். பிரிட்டனில் பள்ளிவாசலாகவே கட்டப்பட்ட முதல் கட்டடம் வோக்கிங் நகரின் ஷாஜஹான் பள்ளிவாசல், ஆண்டு 1889. பொருளுதவி செய்தவர் போபால் பேகம் ஷாஜஹான். கட்டுவித்த லைட்னர், ஹங்கேரியில் யூதப் பெற்றோருக்குப் பிறந்து லாகூரில் கல்லூரி முதல்வராக இருந்த அறிஞர். நம் வீடுகளில் பலவற்றில் இருக்கும் ஆங்கிலத் திருக்குர்ஆன் மொழிபெயர்ப்பைச் செய்த மர்ஹூம் அப்துல்லா யூசுப் அலி, அந்தப் பள்ளிவாசலோடு தொடர்புடையவர். அதற்கு அருகே புரூக்வுட் அடக்கத்தலத்தில்தான் அடங்கியிருக்கிறார்.

கிழக்கு லண்டனில் பிரிக் லேன் தெருவில் ஒரு கட்டடம் இருக்கிறது. பிரான்சிலிருந்து அகதிகளாக வந்த புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் 1743இல் அதைத் தேவாலயமாகக் கட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ரஷ்யப் பேரரசிலிருந்து ஓடிவந்த யூதர்களின் வழிபாட்டு ஆலயமாயிற்று. 1976இல் வங்காளதேச முஸ்லிம்களின் பள்ளிவாசலானது. தையல் வேலை செய்து பிழைத்த யூதர்கள் வசதி வந்ததும் வடக்கு லண்டனுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்கள் விட்டுப்போன அதே தையல் பட்டறைகளில் சில்ஹெட் மாவட்டத்துக்காரர்கள் உட்கார்ந்தார்கள். கிழக்கு லண்டன் பள்ளிவாசல் 1985இல் வைட்சேப்பல் சாலையில் திறக்கப்பட்டபோது அதன் பின்புறம் 1899இலேயே திறக்கப்பட்ட ஒரு யூத ஆலயம் இருந்தது. இரண்டும் முப்பது ஆண்டு காலம் சுவரோடு சுவராக இருந்தன. வருவோர் குறைந்து ஆலயம் மூடப்பட்ட பிறகு, 2015இல் பள்ளிவாசலே அதை வாங்கியது.

பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தால் மட்டும் புரிந்துணர்வு வந்துவிடாது. ஒரே தெருவில் இருபது ஆண்டுகள் இருந்தும் அடுத்த வீட்டுக்காரர் என்ன சாப்பிடுவார் என்று தெரியாதவர்கள் நம்மிடமும் உண்டு. இந்த இடைவெளியைத்தான் மூன்று சமய மன்றம் எடுத்துக்கொண்டது. தலைவர்கள் மேடையில் கைகுலுக்குவதோடு தொடங்கிய வேலை, நாளடைவில் பள்ளிக்கூடங்களுக்குப் போனது. யூதப் பள்ளிப் பிள்ளைகளையும் முஸ்லிம் பள்ளிப் பிள்ளைகளையும், ஒருநாள் சுற்றுலாவாக அல்லாமல், திரும்பத் திரும்பச் சந்திக்க வைத்தார்கள். புண்படுத்தாமல் கேள்வி கேட்பது எப்படி, தன் சமயத்தார் எல்லாருக்குமாகப் பேசாமல் தனக்காக மட்டும் பேசுவது எப்படி என்று கற்றுக்கொடுத்தார்கள். பல்கலைக்கழக மாணவர்களைப் பல சமயக் குழுக்களாகச் சேர்த்து, நாடாளுமன்ற உறுப்பினரின் வழிகாட்டலில் ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையைச் செய்துமுடிக்கச் சொல்லும் திட்டமும் வந்தது. 2018இல் மன்றம் தன் பெயரை மாற்றிக்கொண்டு எல்லாச் சமயத்தாருக்கும், சமயம் இல்லாதவர்களுக்கும் உரியதாக விரிந்தது.

இதை எல்லாரும் வாழ்த்தி வரவேற்றார்கள் என்று எழுதினால் அது வரலாறாகாது. பிரிட்டனில் இப்படிப்பட்ட கூட்டங்களை ‘தேநீரும் சமோசாவும்’ என்று கேலி செய்வார்கள். வந்தவர்களே திரும்ப வருவார்கள், சிரித்துப் பேசுவார்கள், பாலஸ்தீனம் என்ற சொல் வந்தால் தட்டை நகர்த்துவார்கள் என்பது அந்தக் கேலியின் உட்பொருள். அதில் உண்மை இல்லாமலில்லை. நல்லிணக்கம் என்ற பெயரில் முஸ்லிம்களை வாயடைக்கப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்பட்ட இளைஞர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதேபோல், தங்கள் ஆலயத்துக்குப் பாதுகாப்புக்கு ஆள் நிறுத்தாமல் பிரார்த்தனைக்குப் போக முடியாத யூதக் குடும்பங்களின் அச்சமும் பொய்யில்லை.

படாவி அவர்களும் எல்லாருக்கும் இனியவராக இருந்தாரில்லை. 1989இல் சல்மான் ருஷ்டி விவகாரத்தில், அந்த நூலை ஏற்காதபோதும், ருஷ்டி தம் வீட்டுக் கதவைத் தட்டினால் அடைக்கலம் தருவேன் என்ற பொருள்படச் சொன்னதற்காக முஸ்லிம்களிடமே ஏச்சு வாங்கினார். 2005 ஜூலையில் லண்டன் ரயில்களிலும் பேருந்திலும் குண்டு வெடித்த பிறகு, தாக்கப்படுவோம் என்று அஞ்சும் பெண்கள் தலைத்துணியைத் தவிர்த்துக்கொள்ளலாம் என்று கருத்துச் சொன்னார். அதை ஏற்காதவர்கள் ஏராளம்; இந்தக் கட்டுரையாளரும் அவர்களில் ஒருவர். அதே மாதம் அமெரிக்காவில் உரையாற்றச் சென்ற அவரை நியூயார்க் விமான நிலையத்திலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். சமய நல்லுறவுக்கென்றே வாழ்ந்த, எண்பதைத் தாண்டிய ஆலிமுக்கு நேர்ந்தது இது. அமெரிக்கத் தரப்பு பின்னர் மன்னிப்புக் கேட்டது. 2006 ஜனவரியில் அவர் காலமானார்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் உறுதியானதாகத் தெரிவது மேடைப் பேச்சல்ல. இரு சமூகத்துக்கும் பொதுவான அன்றாடத் தேவைகளிலிருந்து பிறந்த ஒத்துழைப்பு. அதில் முதலில் சொல்ல வேண்டியது மையித்து அடக்கம்.

யூதர்களிடமும் இறந்தவரைத் தாமதமின்றி அடக்கம் செய்வதே கடமை. ஆண் மையித்தை ஆண்களும் பெண் மையித்தைப் பெண்களும் குளிப்பாட்டுவார்கள். ஏழையானாலும் பணக்காரரானாலும் சாதாரண வெள்ளைத் துணியில்தான் உடுத்துவார்கள். இந்த வேலையைக் கூலி வாங்காமல் செய்ய ஒவ்வொரு ஊரிலும் ஓர் அடக்கச் சங்கம் இருக்கும். நடு இரவில் தொலைபேசி வந்தாலும் எழுந்துபோய்க் குளிப்பாட்டிக் கஃபனிடும் நம் ஜமாஅத்துப் பெரியவர்களையும் தாய்மார்களையும் நினைத்துப் பாருங்கள், அப்படியே அவர்களும். யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்துபோனபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்ற செய்தியை மதரஸாவில் ஓதிய எவரும் அறிவர்.

2017ஆம் ஆண்டின் இறுதியில், உள்லண்டனின் வடபகுதிக்குரிய மரண விசாரணை அதிகாரி ஒரு விதியை வகுத்தார். சமயக் காரணத்துக்காக எந்த மரணத்தையும் முன்னதாக எடுத்துக் கவனிக்க முடியாது. வரிசைப்படிதான் என்பது அந்த விதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வரிசையில் காத்திருக்கும் நாள்களில் மையித்து பிணவறையில் கிடக்கும். வீட்டார் அடக்கவும் முடியாமல் அழுது முடிக்கவும் முடியாமல் தவிப்பார்கள். அந்த அதிகாரியின் எல்லைக்குள் வருவது ஹாக்னி. ஐரோப்பாவின் மிகப் பெரிய ஆசார யூதர் குடியிருப்பான ஸ்டாம்ஃபர்ட் ஹில் அங்கேதான். அதே எல்லைக்குள் வருவது டவர் ஹாம்லெட்ஸ். வங்காளதேச முஸ்லிம்கள் நெருக்கமாக வாழும் பகுதி. இரு சமூகத்தாரும் ஒரே குறையைச் சொன்னார்கள். யூத அடக்கச் சங்கம் ஒன்று வழக்குத் தொடுத்தது. 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்கள் யூதர்கள். பலன் முஸ்லிம் குடும்பங்களுக்கும் கிடைத்தது.

அறுப்பு விஷயத்திலும் இப்படித்தான். மயக்கமூட்டாமல் கால்நடையை அறுப்பதைப் பிரிட்டன் சட்டம் தடுக்கிறது. யூதருக்கும் முஸ்லிமுக்கும் மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கை நீக்க வேண்டும் என்று 2003இல் அரசின் ஆலோசனைக் குழுவே சொன்னபோது, இரு தரப்பும் சேர்ந்து எதிர்த்தன. அரசு பரிந்துரையை ஏற்கவில்லை. இதில் ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். யூதரின் கோஷர் அறுப்பில் மயக்கமூட்டலுக்கு இடமே இல்லை. பிரிட்டனின் ஹலால் அறுப்பிலோ பெரும்பகுதி மயக்கமூட்டியே நடக்கிறது. ஆக, தங்களுக்குள் ஆலிம்களே ஒத்துப்போகாத ஒரு விஷயத்தில் முஸ்லிம்கள் யூதரோடு ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஜெர்மனியில் 2012இல், ஒரு முஸ்லிம் சிறுவனின் சுன்னத் தொடர்பான வழக்கில் கொலோன் நீதிமன்றம் அதை உடற்காயமாகக் கருதித் தீர்ப்புச் சொன்னது. யூதரும் முஸ்லிம்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஜெர்மன் நாடாளுமன்றம் சுன்னத்தை அனுமதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

ஸ்டாம்ஃபர்ட் ஹில் பகுதியில் ரப்பி ஹெர்ஷல் குளுக், முஸ்லிம் அண்டையாருடன் சேர்ந்து ஒரு முஸ்லிம் – யூதர் மன்றத்தை ஏற்படுத்தியிருந்தார். இரு தரப்பும் ஆசாரமானவர்கள். அவரவர் நம்பிக்கையில் விட்டுக்கொடுக்காதவர்கள். 2013 மே மாதம் வுலிச்சில் ஒரு ராணுவ வீரர் கொல்லப்பட்ட பிறகு நாடெங்கும் பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. அப்போது ஸ்டாம்ஃபர்ட் ஹில்லின் யூதத் தொண்டர் காவல் குழு, தன் ரோந்தில் பள்ளிவாசல்களையும் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக யூதத் தொண்டர்கள் பள்ளிவாசலைப் பார்த்துக்கொண்டதைச் செய்தித்தாளில் கண்டவர்கள் இரண்டு முறை படித்திருப்பார்கள்.

மறு பக்கத்துக்குப் பிராட்ஃபர்ட் நகரம் சாட்சி. கம்பளி வணிகத்துக்கு வந்த ஜெர்மானிய யூதர்கள் 1880–81இல் அங்கே ஓர் ஆலயம் கட்டினார்கள். ஸ்பெயினின் மூர் பாணி வளைவுகளோடு அமைந்த அதைப் பார்த்தால் பள்ளிவாசல் என்றே நினைக்கத் தோன்றும். காலம் மாறியது. நகரம் பாகிஸ்தானிய முஸ்லிம்களின் நகரமாயிற்று. யூதர் சில டஜன் பேராகக் குறைந்தார்கள். 2012 வாக்கில் கூரை ஒழுகியது, சுவர் பழுதானது, செப்பனிடப் பணமில்லை. ஆலயத்தின் தலைவர் ரூடி லீவர், பெர்லினில் பிறந்து 1937இல் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த பல் மருத்துவர்; ஆலயத்தை விற்றுவிடலாமா என்று யோசிக்கும் நிலை வந்தது. அப்போது உதவிக்கு வந்தவர்கள் பள்ளிவாசல்கள் மன்றத்தின் செயலாளர் ஜுல்ஃபி கரீம், ஒரு கறி உணவக உரிமையாளர், ஒரு துணி வணிகர். நிதி திரட்டினார்கள், விண்ணப்பம் எழுத உதவினார்கள், அரசுசார் பாரம்பரிய நிதி கிடைக்க வழிசெய்தார்கள். ஆலயம் பிழைத்தது. பிறகு அதன் நிர்வாகக் குழுவிலேயே ஒரு முஸ்லிம் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். லீவர் 2021இல் காலமானார்.

பெண்கள் பங்கையும் சொல்லாமல் விடக்கூடாது. 2015இல் யூத, முஸ்லிம் பெண்கள் ஒரு சங்கம் தொடங்கி ‘நிஸா–நஷீம்’ என்று பெயரிட்டார்கள். அரபியில் நிஸா என்றாலும் ஹீப்ருவில் நஷீம் என்றாலும் பெண்கள் என்றே பொருள். நம் ஸதக்காவும் அவர்களது ‘ஸெதாகா’வும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். யூதர்கள் நவம்பரில் அறப்பணி நாள் ஒன்றை நடத்துகிறார்கள். அதைப் பார்த்து முஸ்லிம்கள் 2015இல் ‘ஸதக்கா நாள்’ தொடங்கினார்கள். கிழக்கு லண்டன் பள்ளிவாசலில் யூதரும் முஸ்லிம்களுமாக வெங்காயம் உரித்து, கோழி சூப் காய்ச்சி, வீடற்றவர்களுக்கு அனுப்பினார்கள். கோழி சூப் யூத வீடுகளில் சகல நோய்க்கும் மருந்து. நம் வீட்டு நோன்புக் கஞ்சி போல.

2023 அக்டோபருக்குப் பிறகு இந்தப் பணிகள் பெரும் சோதனைக்கு உள்ளாயின. பல குழுக்களில் நட்பு முறிந்தது. சிலர் அழைப்பை ஏற்பதை நிறுத்தினார்கள். சேர்ந்து அறிக்கை விடுவதையே வேலையாகக் கொண்டிருந்தவர்களுக்கு ஒரு வாக்கியத்தில்கூட ஒன்றுபட முடியவில்லை. அடக்கத்தலம், உணவு வங்கி, தெருப் பாதுகாப்பு என்று கைவேலையில் சேர்ந்திருந்தவர்களுக்குத் திரும்பிச் சந்திக்கக் காரணம் இருந்தது.

நம் ஊருக்கு வருவோம். 1949இல் மௌலானா அப்துல் அலீம் சித்தீகி அவர்களின் தூண்டுதலால் சிங்கப்பூரில் சமயங்களுக்கு இடையிலான அமைப்பு, அதாவது ஐ.ஆர்.ஓ., உருவானது, லண்டன் மன்றத்துக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டு மூத்தது. அதில் யூதரும் ஓர் அங்கம். 1878இல் திறக்கப்பட்ட மகாயின் அபோத் யூத ஆலயம் இருக்கும் வாட்டர்லூ தெரு, பென்கூலன் பள்ளிவாசலிலிருந்து நடந்துபோகும் தூரம். பினாங்கிலோ யூத ஆலயம் இருந்த தெருவின் பெயரே நாகூர் சாலை. யூதர் குறைந்துபோய் 1976இல் அது மூடப்பட்டது. 2021இல், வாட்டர்லூ தெரு ஆலயத்தில் யூதர்களைத் தாக்கத் திட்டமிட்ட இருபது வயது முஸ்லிம் இளைஞர் ஒருவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்ட பதினாறு வயதுப் பையன் ஒருவன் பிடிபட்டிருந்தான். அவன் முஸ்லிமும் அல்ல, யூதனும் அல்ல.

2023 அக்டோபரில் முஃப்தி டாக்டர் நஸிருதீன் முகம்மது நாசிர் அவர்களும் சிங்கப்பூர் யூதரின் தலைமை ரப்பியும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். இங்குள்ள நல்லுறவைக் காப்போம் என்று இருவரும் உறுதி கூறினார்கள். அதே வாரங்களில் ரஹ்மத்தன் லில் ஆலமீன் அறநிறுவனம் காஸா மக்களுக்காக நிதி திரட்டியது. நம் பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்குப் பின் துணி விரித்தபோது நம்மில் பலர் அதில் போட்டோம்.